பேர் சொல்லிக் கத்தியவர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பேக்கரிக்கும் பூட்டுக்கடைக்கும் நடுவில் என்னுடைய கொமியூனிகேஷன் இருந்த காலம். போட்டோக் கொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புவது என்று எல்லாம் அந்த ஒரு அறைக்குள் நடக்கும். ஒருநாள் கொப்பி மிஷின் படுத்துவிட்டது. ‘மிஷின் பழுதாகிவிட்டது’ என்று ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டிவைத்தேன். என்னிடம் கதை டைப் செய்யக் கொண்டுவருகிற அக்கா ஒருவர் வந்தார், வாசித்தார், தாளைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

“யாரு பழுதாக்குனது?”

“தானா நின்னுருச்சுக்கா.”

“மிஷினுக்கு என்னா, ஸ்ட்ரைக்கா? கடைசியா அதத் தொட்டது யாரு?”

நான்தான். மிஷின்மேல் பிளேன்டீயை வைத்துக் குடித்து, முழங்கையால் தட்டி அதை உள்ளே ஊற்றியவளும் நான்தான். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் என்னிடமே பேனையைக் கொடுத்து, “எழுது” என்றார். ‘மிஷினுக்குள் தேத்தண்ணீரை ஊற்றிவிட்டேன், திருத்த இரண்டு நாளாகும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாளும் வந்தவன் போனவன் எல்லாம் அதை வாசித்துச் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இவருடைய கதையை இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் அடுத்த அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். வாங்கி டைப் செய்தேன்.

அவர் மர்மக்கதை எழுதுகிறவர். கொழும்பிலிருந்து வருகிற ஒரு ஞாயிறு இதழில் அவருடைய தொடர்கள் வரும். கையால் எழுதிக்கொண்டு வருவார். நான் டைப் செய்து இதழுக்கு மெயிலில் அனுப்புவேன். ஏழு வருஷம் அப்படி ஓடியது. அவருடைய பேரை நான் இங்கே போடப்போவதில்லை. அது என் முடிவில்லை, அவரே சொல்லிவைத்தது. “என்னயப் பத்தி எப்பவாச்சும் எழுதுனா என் பேரப் போடாத தங்கச்சி. செஞ்சவங்க பேரப் போடு. கேட்டவ பேரு எதுக்கு?” என்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. அவரும் அங்கே பிறந்தவர்தான், மூன்றாவது லயத்தில். லயம் என்றால் தோட்டத்து வேலைக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடு. ஒட்ட வெட்டிய தலைமுடி, ஆம்பிளைச் சட்டை, காதில் தோட்டுக்குப் பதிலாக ஊக்கு. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கொழும்பில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனார். அந்த வீட்டுப் பையன் கார் கராஜில் கூட்டாளிகளோடு கித்தார் வைத்துக் கத்திக்கொண்டிருப்பானாம். பங்க் ரொக். கித்தாரில் மூன்று கோர்ட்ஸ், பாட்டுக்கு இரண்டு நிமிஷம், தொண்டை கிழியக் கோபம், அவ்வளவுதான். இவர் கராஜைக் கூட்டிக்கொண்டே அந்த மூன்று கோர்ட்ஸையும் கண்ணால் படித்துக்கொண்டார். “அவனுக்கு என்னா கோவம் இருக்கப் போகுது? ஐஸ்பொட்டியில கேக்கு இருந்துச்சு அவனுக்கு. கோவம் பூரா என்கிட்ட இருந்துச்சு, கித்தார் அவன்கிட்ட இருந்துச்சு” என்று சொல்லுவார்.

அந்த வீட்டில் எது உடைந்தாலும் யார் உடைத்தது என்று கேட்கமாட்டார்களாம். இவர்தான் என்று முடிவு. சம்பளத்தில் கழிப்பார்கள். தோட்டத்துக்குத் திரும்பி வந்தால் இங்கே வேறு மாதிரி. எது உடைந்தாலும் யாருமே உடைக்கவில்லை. கூரை பறந்துவிட்டது, தண்ணீர் ஓடுகிற கான் அடைத்துவிட்டது, பிள்ளை செத்துவிட்டது. எல்லாம் தானாக நடக்கும். “ரெண்டும் ஒரே களவுதான்” என்பார் அவர்.

திரும்பி வரும்போது அந்தப் பையன் வீசி எறிந்த கித்தார் ஒன்றையும் கொண்டுவந்தார். வயரிங் வேலை செய்கிற மச்சான் ஒருவனையும், டவுன் பேக்கரிக்காரரின் சிங்களப் பையன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு ஒரு பேண்ட் போட்டார். பேண்டுக்குப் பேர் ‘பெரட்டு’. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறார்களே, அந்தப் பெரட்டு.

அவர்களை முதலில் நான் பார்த்தது எங்கள் கோயில் திருவிழாவில். எனக்குப் பதினேழு வயது. மஞ்சள் நீராட்டு அன்று மத்தியானம், பத்து நிமிஷம் பாட்டுப் பாட விட்டார்கள். ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த வருஷம் லயத்துக் குழாய்க்கு யாரோ பூட்டுப் போட்டு, தண்ணீர் முழுக்க ஒரு மரக்கறித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்வதில்லை. இவர் கித்தாரை ஒரு இழு இழுத்துவிட்டு,

“கொழாய்க்குப் பூட்டு போட்டது யாரு?
சாவி கெடக்குற மடி யாரு?”

என்று கத்தினார். பிள்ளைகள் எல்லாம் “யாரு?” என்று திருப்பிக் கத்தினார்கள். இரண்டாம் தடவை பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் தடவை அவர் கோயில் தலைவரின் பேரையும் அப்பா பேரையும் லயத்து நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். தலைவர் மேடைக்குப் பக்கத்திலேயே மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஜெனரேட்டர் நின்றது.

“கரண்ட் நே, நங்கி” என்று, கரண்ட் இல்லை என்பதைச் சிங்களத்தில் சொல்லி, டிரம் அடித்த பேக்கரிப் பையன் கையை விரித்தான்.

“கையி இருக்குல்ல? அடி!” என்றார். அவன் தண்ணீர் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அடித்தான். மைக் இல்லாமல், கித்தார் சத்தம் இல்லாமல் இருபது நிமிஷம் கத்தினார். கடைசியில் எச்சிலோடு இரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் குழாய் திறந்திருந்தது. அந்தத் தண்ணீரில் என் அப்பா சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து, “பொம்பளப் புள்ள கத்துற கத்தா அது? குடும்பத்துல வளந்ததா?” என்று அம்மாவிடம் கேட்டார். எனக்கு அந்த வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. அம்மா மட்டும், “தண்ணி நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கோயில் கமிட்டி கூடி, பாட்டுக்காரி இனிமேல் கோயிலுக்குள் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பூட்டுப் போட்டவரைப் பற்றித் தீர்மானம் ஒன்றும் இல்லை. அவர்தானே தலைவர்.

பெரட்டு மூன்று வருஷம் ஓடியது. லிந்துலையிலும் டிக்கோயாவிலும் பாடினார்கள். பாதி மேடைகளில் கரண்டைப் பிடுங்கினார்கள். அதற்குள் அவருடைய தொண்டையில் முடிச்சு விழுந்துவிட்டது. இனிமேல் கத்தினால் இருக்கிற குரலும் போகும் என்று டொக்டர் சொன்னார். மிச்சமிருந்தது தகரம் கீறுகிற மாதிரி ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு பேசத்தான் முடியும். கித்தாரை டிரம் அடித்த பையனுக்குக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து முதல் கொலையை எழுதினார்.

ஏன் மர்மக்கதை என்று ஒருமுறை கேட்டேன்.

“பாட்டுல பேரச் சொன்னா கரண்டப் புடுங்குறான். கொலக் கதையில பாரு, கடைசிப் பக்கம் வரைக்கும் அவனே காசு குடுத்து வாங்கி, எப்படா பேரச் சொல்லுவான்னு காத்துக்கிட்டுக் கெடக்குறான். வேற எந்தக் கதையிலயாவது செஞ்சவன் பேரச் சொல்லியே தீரணும்னு சட்டம் இருக்கா?”

அவர் கதையில் துப்பறிகிறவர் ஓய்வு பெற்ற தபால்காரர். எல்லா லயமும் நடந்தவர், எல்லார் வீட்டுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டியவர். துப்பாக்கி கிடையாது, தொப்பி கிடையாது, கையில் ஒரு குடையும் மணிக்கூடும்தான். வாசகர் கடிதங்கள் வரும். காதல் கொஞ்சம் போடுங்கள் என்று ஒருவர். பேய் ஏன் வருவதில்லை என்று இன்னொருவர். ‘தோட்டத்தில் என்ன மர்மம் இருக்கிறது, பங்களா ஒன்றையாவது வையுங்கள்’ என்று கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதை மடித்து என் மேசைக்காலுக்கு அடியில் சொருகினார். மேசை ஆடாமல் நின்றது.

எதையும் தானே செய்து பார்க்காமல் எழுதமாட்டார். மூச்சுத் திணறுகிற ஒருவன் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க, என்னை ஆட்டோவில் மடக்கிப் படுக்கவைத்து டிக்கோயா வரைக்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு வளைவிலும் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார். வழியில் தெரிந்த டீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்து, “ஐயோ, என்னாச்சு?” என்று அழ ஆரம்பித்துவிட்டார். “ஒண்ணும் இல்லீங்க, கத” என்றார் இவர். அந்த டீச்சர் அதற்குப் பிறகு என்னோடு பேசவேயில்லை.

இப்படி இருந்த நாளில்தான் எங்கள் டிவிசனில் அந்தச் சாவு நடந்தது.

ஒரு புதன்கிழமை, மத்தியான நிறுவைக்குக் கொஞ்சம் முன்னால். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் குளவிக்கூடு கலைந்தது. எல்லாரும் ஓடினார்கள். கீழ் நிரையில் நின்ற ஒருத்தி மட்டும் கால் இடறி விழுந்துவிட்டாள். இரண்டு பிள்ளைக்காரி. முகம், கழுத்து, கை எல்லாம் கொட்டு. தூக்கிக்கொண்டுபோய் மடுவத்தில் கிடத்தினார்கள். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அங்கேதான் லொறி வரும். லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறதுக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது.

‘குளவி கொட்டி மரணம்’ என்று தோட்டத்து ஆபிஸில் எழுதினார்கள். பேப்பரில் நாலு வரி வந்தது. அவளுடைய புருஷன் மட்டும், விசாரணை வேண்டும் என்று ஒரு கடிதம் டைப் அடிக்க என் கடைக்கு வந்தான். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தாதி அவனிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். அன்றைக்கு அவரும் கடையில் இருந்தார்.

“யாரு கொன்னது?” என்று கேட்டார்.

“குளவிதாங்க” என்றான் அவன்.

“குளவி கொட்டுனுச்சு. கொன்னது யாரு?”

 அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். செத்த வீட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதத்தாங்க எனக்கும் தெரியணும்” என்றான்.

ஒன்றரை மாதம் அவர் எங்கள் லயங்களைச் சுற்றினார். மடுவத்தில் பதினாலு சாக்கு வைத்து, ஆள் பிடித்துத் தூக்கச் சொல்லி நேரம் பார்த்தார். டிரைவரோடு லொறியில் போய்வந்தார். டிஸ்பென்சரிக்குப் பின்னால் தோட்டத்து ஆம்புலன்ஸ் டயர் இல்லாமல் கட்டையில் நிற்பதைக் கண்டு, அந்த டயர்கள் ஆபிஸ் பிக்கப்பில் ஓடிக்கொண்டிருப்பதையும் கண்டுபிடித்தார். யார் கழற்றியது, யார் கழற்றச் சொன்னது, எந்தத் துண்டில் கையெழுத்துப் போட்டது என்பது வரைக்கும் போனார். எல்லாவற்றையும் தொடராக எழுதினார். தோட்டத்துப் பேர் மட்டும் கற்பனை. வாராவாரம் இதழ் வந்ததும் ஹட்டனில் பிய்த்துக்கொண்டு போயிற்று. செத்தவளுடைய புருஷனின் கடிதத்தை மாதக்கணக்காகக் கவனிக்காமல் வைத்திருந்த அதிகாரிகள், கதை வர ஆரம்பித்ததும் அவனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கடைசி அத்தியாயத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு வா என்று விசாரணை அதிகாரியே சொல்லியிருந்தார்.

கடைசி அத்தியாயத்தை ஒரு வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். டைப் செய்துகொண்டே வந்தேன். ஐந்தாவது பக்கத்தில் என் கை நின்றது.

தபால்காரர் கண்டுபிடித்தது இதுதான். லொறி மடுவத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. லொறி வந்து நின்றதும் சுற்றி நின்ற பெண்கள் முதலில் அவளைத் தூக்கவில்லை. கொழுந்து மூட்டையைத் தூக்கினார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை குடைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றான், வாயே திறக்கவில்லை. லொறியைக் கண்டால் மூட்டையை ஏற்ற வேண்டும். வெயிலில் கிடந்தால் கொழுந்து வெந்துபோகும், வெந்த கொழுந்துக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். பதினாலு மூட்டையும் ஏறிய பிறகு அவற்றின்மேல் அவளைக் கிடத்தினார்கள். மூட்டை ஏறிய லொறி பெக்டரிக்குத்தான் போகும், அது தோட்டத்து விதி. டிரைவர் விதிப்படி இடது பக்கம் திரும்பினான். ஆஸ்பத்திரி வலது பக்கம். பெக்டரி முற்றத்தில் மூட்டை இறக்கி முடிகிற நேரத்தில் அவள் போய்விட்டாள். கையால் செய்தது இவர்கள், விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டது இன்னார், ஆம்புலன்ஸ் டயரைக் கழற்றச் சொன்னது இன்னார் என்று தபால்காரர் ஒவ்வொருவராகச் சொல்கிறார். முதல் மூட்டையைத் தூக்கிய பெண்ணிலிருந்து தொடங்குகிறார். இடது காதில் மட்டும் தோடு போட்ட பெண்.

எங்கள் ஆறு லயத்திலும் இடது காதில் மட்டும் தோடு போடுகிற ஒரே பெண் என் அம்மா. வலது தோடு மலையில் விழுந்து தொலைந்து பன்னிரண்டு வருஷம்.

அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தோட்டத்தை நடத்துகிற துரைமாரை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வருஷம் கூடை சுமந்த மனுஷியைக் கொலைகாரி ஆக்குகிறாளே இந்தப் பொம்பளை! சோறு போட்டு, தேத்தண்ணி கொடுத்துப் பேசிய வீட்டுக்கா இது? அம்மா எப்படி லயத்தில் தலை நிமிர்ந்து நடக்கும்? அவரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. பயந்தாங்கொள்ளி செய்கிறதைச் செய்தேன். மூன்று பந்தியை அழித்தேன். ‘துரை போனில் கத்தினார்: கொழுந்தை முதலில் அனுப்பு, ஆள் பிறகு போகட்டும்’ என்று நானே எழுதினேன். துரைக்கு எத்தனையோ பழி, இன்னொன்று வந்தால் தேய்ந்தா போய்விடுவான் என்று நினைத்தேன். மெயிலை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

அந்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு சங்கத்துக்காரர்கள் ஹட்டனில் மண்டபம் எடுத்து அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். அவர் போகமாட்டேன் என்றார். செத்தவளின் புருஷன் கெஞ்சியதால் வந்தார். மண்டபம் நிறைந்துவிட்டது, எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அம்மாவும்தான். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் இன்னும் இதழைப் பார்க்கவில்லை. சங்கத்துத் தலைவர் அன்று காலையில் வந்த கடைசி அத்தியாயத்தைக் குரல் ஏற்றி வாசித்தார். துரை போனில் கத்துகிற இடம் வந்ததும் மண்டபம் கைதட்டியது. விசில் பறந்தது. நான் மேடையைப் பார்த்தேன். அவர் பொன்னாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் பின்னால் இருந்து தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் எழுந்தார்.

“தொர அன்னைக்கு நாட்டுலயே இல்லீங்க. லீவுல வெளிநாடு போயிருந்தாரு. பாஸ்போட்டு கொப்பி கொண்டாந்திருக்கேன், யாரு வேணுன்னாலும் பாருங்க. இது பொய்யின்னா மத்ததும் பொய்தானே? டயரு, வெதி, எல்லாமே பொய்தானே?”

மூன்றாவது வரிசையில் இருந்த, செத்தவளின் புருஷனின் முகத்தைப் பார்த்தேன். ஆறு மாதமாக ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அவனுடைய வழக்கை நான் என் பத்து விரலால் அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் எழுந்து மைக்கை வாங்கினார். கத்த முடியாத குரல். மைக் இல்லாவிட்டால் இரண்டாம் வரிசைக்குக்கூடக் கேட்காது.

“தொர சொன்னதா நான் எழுதல. நான் எழுதுனது வேற.”

எழுதியதை வரிசையாகச் சொன்னார், நிமிஷக் கணக்கோடு. மூட்டை தூக்கிய கைகள், டிரைவர், விதி, கையெழுத்து, டயர். தோடு போட்ட பெண் என்று மட்டும் சொல்லவில்லை, ‘அங்க நின்ன பொம்பளைங்க’ என்றார். முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. “எங்களயா சொல்ற? நாங்களா கொன்னோம்?” என்று ஒருத்தி கத்தினாள். சங்கத்துத் தலைவர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். கிளாக்கர் விடவில்லை.

“சரிங்க, நீங்க எழுதல. அப்ப மாத்துனது யாரு?”

அவர் என்னைப் பார்த்தார். நேராக. வாழ்க்கை முழுக்க ஊர் முன்னால் பேர் சொன்ன வாய் அது. கோயில் தலைவரையே அப்பா பேரோடு சொன்ன வாய். அவர் பார்வையை எடுத்துக்கொண்டு, “அது அவுங்க சொல்ல வேண்டியது” என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தது அம்மா.

“மொத மூட்டைய நாந்தாங்க தூக்கி வச்சேன்” என்றார். திரும்பி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவ கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. என்னயப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. லொறியக் கண்டா கை மூட்டைக்குத்தாங்க போகுது. முப்பத்தஞ்சு வருசமா அப்பிடித்தான் போகுது. அவளப் பொதச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. இவங்ககிட்ட நானாத்தான் போய்ச் சொன்னேன். என் தோட்டயும் சேத்து எழுதுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்னு நாந்தான் சொன்னேன். இன்னைக்குக் கேக்கலாம்னு சேல கட்டி வந்தா நான் அதுல இல்ல. என்னய எடுத்தது யாருங்க? நான் செஞ்சத என்கிட்ட இருந்து புடுங்குறதுக்கு அவன் யாரு?”

கத்திய பெண் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி எழுந்து, “ரெண்டாவது மூட்ட நானு” என்றாள். அப்புறம் இன்னும் மூன்று பேர். கிளாக்கர் பாஸ்போர்ட் கொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஐந்து பேரும் விசாரணையில் போய்ச் சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்கு டயர் வந்தது. ஆள் ஏறினால் மூட்டை ஏறாது என்று மடுவத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதினார்கள். இவ்வளவுக்கும் ஒரு வருஷம் எடுத்தது, விதியில் கையெழுத்துப் போட்டவருக்கு வேறு தோட்டத்தில் பெரிய வேலை கிடைத்தது.

விழா முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு அவர் வந்தார். புதுக்கதையின் முதல் அத்தியாயத்தை மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்காத மாதிரி, முக்காலியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

“அடி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஏழு வருஷமாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற மனுஷி. அன்றிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் பின்னால் இருந்து பார்த்தார். முதுகு எரியும். ஒருநாள் தாங்காமல், “அக்கா, அன்னைக்கு மண்டபத்துலயே என் பேரச் சொல்லியிருக்கலாமே, அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்” என்றேன்.

“ஒங்கம்மா பேரயும் நான் சொல்லல. அவுங்களாச் சொன்னாங்க. நீயும் ஒன் வாயால சொல்லு. எனக்கில்ல, அவுங்களுக்கு.”

அவர் இப்போது லிந்துலைப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. கடையை நானும் விட்டுவிட்டேன். ஆனால் அம்மா விடவில்லை. பேப்பரைக் கண்டால் போதும், “என் பேர எடுத்த அந்தப் பத்திரிக்கைக்காரன் வெளங்குவானா? அவன் கையி அழுகிப் போயிராது?” என்று ஆரம்பித்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பத்திரிகைக்காரன் நான்தான் என்று சொல்ல ஒருநாள்கூட வாய் வரவில்லை.

அந்த மூன்று பந்தியை அழித்தவள் நான். துரை பேரை எழுதியவளும் நான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய இது அதே இதழில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது, எழுத்துத் தெரிவதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.